வடக்குச் சுவருக்கு ஓர் ஒட்டுச்சித்திரம்: ஏலமா, கலைக்கூடமா, ஓவியரின் விறாந்தையா?

எமது சனசமூக நிலையத்தின் வாசிப்பு மண்டபம் திருத்தி முடிக்கப்பட்டபோது, யன்னல் இல்லாத வடக்குச் சுவர் மட்டும் வெறுமையாக நின்றது. கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் எமதூர் அங்கத்தவர்கள் அந்தச் சுவருக்கு ஒரு நல்ல ஓவியம் வாங்க வேண்டும் என்று பத்து இலட்சம் ரூபா ஒதுக்கினார்கள். தெய்வப் படமோ பெரியோர் படமோ அல்லாமல், எமது காலத்தைப் பற்றிப் பிள்ளைகள் நின்று பார்த்துப் பேசக்கூடிய சமகால ஓவியமாக அது இருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய விருப்பம். முப்பத்தொரு வருடம் பாடசாலைகளில் சித்திரம் கற்பித்தவள் என்பதால், எதை எங்கே வாங்குவது என்று ஆராய்ந்து எழுதித் தரும் பொறுப்பைச் செயற்குழு என்னிடம் தந்தது.

இந்தத் தேடலைத் தொடக்கியது லண்டனில் நடைபெறவுள்ள ஓர் இணையவழி ஏலம். அதன் பட்டியலில் ஈழத்தில் பிறந்து வெளிநாட்டில் வாழும் ஓவியர் ஒருவரின் கலப்பு ஊடக ஒட்டுச்சித்திரம் ஒன்று இருப்பதை, லண்டன் ஹரோவில் வசிக்கும் எமது அங்கத்தவர் ஒருவர் கண்டு படத்தை அனுப்பிவைத்தார். ஏறத்தாழ நான்கு அடி அகலமும் மூன்று அடி உயரமும் கொண்ட அந்தப் பலகையில், அக்கிரிலிக் வர்ணத்தின் அடியில் பழைய காணி உறுதிகளின் (நில உரிமைப் பத்திரங்களின்) தாள்களும், பத்திரிகைத் துண்டுகளும், சேலைக் கரைத் துணியும், தையல் நூலும் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கின்றன. நொத்தாரிசின் கையெழுத்து வரிகள் மெல்லிய செம்மண் நிறப் பூச்சுக்குள்ளிருந்து வேலிக் கதியால்களைப் போல நிமிர்ந்து நிற்பதைப் படத்திற் பார்த்தபோதே, இது கைதேர்ந்த ஒருவரின் வேலை என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நான் பின்னர் பார்த்த எந்த ஓவியமும் இதற்கு ஈடாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்படியிருந்தும் அதை வாங்குவதற்கு நான் தயங்குகிறேன். தயக்கத்தின் காரணங்களில் சில பணத்தைப் பற்றியவை, மற்றவை தாளையும் பசையையும் பற்றியவை.

பணத்தை முதலிற் பார்ப்போம். பட்டியலில் மதிப்பீடு 1,200 முதல் 1,800 பவுண் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. விற்பவர் இதற்குக் கீழே கொடுக்கமாட்டேன் என்று ஏல நிறுவனத்துடன் இரகசியமாக ஒத்துக்கொள்ளும் அடிவிலை பொதுவாகக் கீழ் மதிப்பீட்டை விஞ்சுவதில்லை. ஆகவே 1,200 பவுணுக்கு அது விழக்கூடும் என்று நம்புவதில் தவறில்லை. ஆனால் சுத்தியல் தட்டும்போது நிற்கும் விலை வாங்குபவர் செலுத்தும் விலை அல்ல. பெரிய ஏல நிறுவனங்கள் அதன்மேல் நான்கில் ஒரு பங்கை ஒட்டிய தொகையை வாங்குபவரிடமிருந்து கட்டணமாக அறவிடுகின்றன. 1,200 பவுணுக்கு 300 பவுண் கட்டணமும், அந்தக் கட்டணத்தின்மீது 20 சதவீத வரியாக 60 பவுணும் சேர்ந்தால் 1,560 ஆகும். ஓவியத்தை மரப்பெட்டியில் அடைத்து, காப்புறுதி செய்து, விமானத்தில் அனுப்புவதற்கு 400 பவுண் என்று எமது அங்கத்தவர் விசாரித்துச் சொன்னார். இங்கே இலங்கையில் வந்திறங்கியதும் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரி இருக்கிறது. ஒரு பவுணை 400 ரூபாவாகக் கொண்டு கணக்கிட்டால், குறைந்த மதிப்பீட்டில் விழுந்தாலும் எமது சுவரை வந்தடையும்போது குறைந்தபட்சம் ஒன்பதே கால் இலட்சம் ரூபா ஆகிவிடும். 1,800 பவுணுக்கு விழுந்தால் பன்னிரண்டே முக்கால் இலட்சத்தைத் தாண்டிவிடும். உலகச் சுங்கப் பொருட்பட்டியலின் 97.01ஆம் தலைப்பு ஓவியங்களோடு ஒட்டுச்சித்திரங்களையும் பெயர் குறித்தே உள்ளடக்குகிறது. அந்தத் தலைப்பின் கீழ் வேறு தீர்வைகள் உண்டா என்பதை ஏலத்துக்கு முன்னரே சுங்கத் தரகர் ஒருவரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். பெட்டி கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வந்த பின்னர் கேட்பதில் பயனில்லை.

இந்தக் கணக்கில் ஓவியருக்குப் போவது என்ன என்ற கேள்வியையும் அங்கத்தவர் சிலர் எழுப்பினர். இது இரண்டாம் கை விற்பனை. ஓவியத்தை முன்னொரு காலத்தில் வாங்கியவரே இப்போது விற்கிறார். ஐக்கிய இராச்சியத்தில் 2006 முதல் மறுவிற்பனையில் ஓவியருக்குச் சிறு பங்கு கிடைக்கச் சட்டம் இடமளிக்கிறது. இத்தகைய விலைக்கு அது 4 சதவீதம் மாத்திரமே. அதுவும் ஓவியரின் நாட்டுரிமையைப் பொறுத்தே கிடைக்கும். எமது பணத்தின் பெரும்பகுதி விற்பவருக்கும், நிறுவனத்துக்கும், அனுப்புபவருக்கும், வரிக்குமே போகும். அதில் அநீதி இருப்பதாக நான் கருதவில்லை, ஏனெனில் மறுவிற்பனைச் சந்தை ஒன்று இருப்பதாலேயே ஓர் ஓவியரின் வேலைக்கு நிலையான மதிப்பு உருவாகிறது. ஏலத்தில் விலை பகிரங்கமாகத் தீர்மானிக்கப்படுகிறது என்பதும், பின்னொரு நாள் விற்க நேர்ந்தால் அந்தப் பதிவு ஆதாரமாக நிற்கும் என்பதும் உண்மையான நன்மைகள். ஆனால் நாம் விற்பதற்காக வாங்கவில்லை.

ஏலம் எங்களுக்குப் புதிய விடயமல்ல. குருநகரிலும் பாசையூரிலும் விடியற்காலையில் மீன் கூறி விற்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே விலை எவ்வளவு வேகமாக ஏறினாலும், கேட்பவர் முதலில் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டே கேட்கிறார். ஓவியத்தில் அதற்கு ஈடானது பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது. ஒட்டுச்சித்திரத்தில் இது இன்னும் முக்கியம். என்ன பலகை, ஈரம் குடித்து வளைந்திருக்கிறதா, ஓரங்கள் எழும்பியிருக்கின்றனவா, முன்னர் யாராவது மீண்டும் ஒட்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் கைத்தொலைபேசித் திரையிலே தெரியாது. ஏல நிறுவனங்கள் பொருளை இருக்கும் நிலையிலேயே விற்கின்றன. கேட்டால் நிலை அறிக்கை ஒன்று தருவார்கள், பார்வை நாட்களில் நேரில் பார்க்கவும் விடுவார்கள். எமது அங்கத்தவர் நேரிற் சென்று பார்க்க முன்வந்திருக்கிறார். அந்த உதவி கிடைத்திராவிட்டால் ஏலத்தைப் பற்றி இவ்வளவு எழுதியே இருக்கமாட்டேன்.

பசையைப் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதில் நான் பட்டு அறிந்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டு என் மாணவிகள் பழைய பத்திரிகைகளையும் பனையோலையையும் கொண்டு பாடசாலை மண்டபத்துக்கு ஒரு பெரிய ஒட்டுச்சித்திரம் செய்தார்கள். கோதுமை மாப் பசைதான் கைவசம் இருந்தது, அதையே காய்ச்சிக் கொடுத்தேன். அடுத்த மாரி முடிவதற்குள் இராமபாணப் பூச்சி தாள்களின் ஓரங்களைத் தின்று, பிள்ளைகள் வெட்டிய முகங்களை அரித்துவிட்டது. சுவர் ஈரத்தில் நடுப்பகுதி உப்பி, அவர்கள் பெயர் எழுதியிருந்த மூலை கழன்று விழுந்தது. மாச்சத்து பூச்சிக்கு உணவு என்பதை நான் அறிந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பு போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஒட்டுச்சித்திரம் பிறந்த காலத்திலிருந்தே இந்தப் பிரச்சினையும் கூடப் பிறந்தது. 1912இல் பிக்காசோ நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டிச் சுற்றிவரக் கயிறு கட்டினார். அதே ஆண்டில் ஓவியர் ஜோர்ஜ் பிராக் மரவரி அச்சிட்ட சுவர்த்தாளை வெட்டி ஒட்டினார். அந்தக் காலத்தில் ஒட்டப்பட்ட பத்திரிகைத் துண்டுகள் இன்றைக்குப் பழுப்பு நிறமாக மாறிவிட்டன. பத்திரிகைத் தாள் மரத்தை அரைத்துச் செய்யப்படுவதால் அதில் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட அது மஞ்சளாகி, அமிலமாகி, தாளை நொறுங்கச் செய்கிறது. ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் கட்டுப்படுத்திய அறைகளிலேயே இது நடக்கிறதென்றால், கடலிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள எமது மண்டபத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். தாள் வேலைகளுக்கு ஈரப்பதன் 50 சதவீதத்தை ஒட்டியும், வெளிச்சம் 50 லக்ஸ் அளவிலும் இருப்பது நல்லது என்பது பாதுகாப்பாளர்கள் பின்பற்றும் அளவு. எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரப்பதன் 80 சதவீதத்தைத் தாண்டுவது வழமை. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், எதிர்ப்புறத் தெற்கு யன்னல்களினூடாக வெயில் மண்டபத்துக்குள் நீண்டு நுழையும். வடக்குச் சுவர் என்பதால் வெயில் படாது என்று செயற்குழுவில் சொல்லப்பட்டது சரியல்ல. எந்த ஓவியத்தை வாங்கினாலும் அந்த யன்னல்களுக்குத் திரை போட்டே ஆக வேண்டும்.

லண்டன் ஓவியத்தின் பட்டியற் குறிப்பில் பலகை என்று மட்டுமே இருக்கிறது. அது மரத்தூள் அழுத்திச் செய்த பலகையாக இருந்தால் இங்கே ஈரம் குடித்து ஓரங்களில் வீங்கும். ஒட்டுப் பலகையாக இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஒட்டியது இறப்பர்க் கரைசலா, வெள்ளைப் பசையா, அக்கிரிலிக் வர்ணத்தோடு கலக்கும் பசைபோன்ற அக்கிரிலிக் ஊடகமா என்ற தகவல் இல்லை. இறப்பர்க் கரைசல் நாளடைவில் மஞ்சளாகித் தாளில் கறை விட்டுப் பிடிப்பை இழக்கும். அக்கிரிலிக் ஊடகம் நீண்டகாலம் வளைந்துகொடுத்துப் பிடித்திருக்கும். பழைய உறுதிகளை எழுதிய மை இரும்புச் சத்துள்ளதாக இருந்தால் அது தன் வழியே தாளை அரிக்கவும் கூடும். மாறாக, அவை போட்டோப் பிரதிகளாக இருந்தால் அச்சுக் கரி மங்குவதில்லை, அடியிலுள்ள தாளைப் பற்றி மட்டும் கவலைப்பட்டாற் போதும்.

அசலா பிரதியா என்ற இந்தக் கேள்வியே என்னை வேறொரு இடத்துக்குக் கொண்டுசென்றது. பட்டியலில் அந்தத் தாள்களைக் கண்டெடுத்த தாள்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். கலை உலகில் அது வழக்கமான சொல். பழைய கடையிலோ தெருவோரத்திலோ கிடைத்ததை ஓவியத்துக்குள் கொண்டுவருவதைக் குறிப்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. ஆனால் 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு போரினால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கு நடந்தவர்களுள் எங்கள் குடும்பமும் இருந்தது. ஐயா உறுதிகளை வைத்திருந்த தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் அறையிலே விட்டுவிட்டு வந்தோம். அடுத்த ஆண்டு சித்திரைக்குப் பின்னர் திரும்பியபோது பெட்டி இருந்தது, உள்ளே தாள் ஒன்றும் இருக்கவில்லை. அந்தத் தாள்கள் எங்கே போயின என்று எங்களுக்குத் தெரியாது. எமதூரில் அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு பெட்டியைப் பற்றிய பேச்சு இருக்கிறது. யாரோ ஒருவர் கண்டெடுத்த தாள் இன்னொருவர் விட்டுச்செல்ல நேர்ந்த தாளாக இருக்கலாம்.

ஓவியர் அந்தத் தாள்களை எவ்வாறு பெற்றார் என்று நான் சந்தேகிக்கவில்லை; தன் குடும்பத்துக்குரிய உறுதிகளையே அவர் பயன்படுத்தியிருக்கலாம், அல்லது பிரதி எடுத்திருக்கலாம். ஆயினும் கிளிநொச்சியிலிருந்தோ காங்கேசன்துறையிலிருந்தோ வரும் ஒருவர் எமது சுவரில் தன் பாட்டனாரின் பெயரை வாசிக்க நேர்ந்தால் நாம் என்ன விடை சொல்வோம் என்பதை வாங்குவதற்கு முன்னர் தீர்த்துக்கொள்ள வேண்டும். தனியாரின் வரவேற்பறைச் சுவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கனமானதல்ல. ஊரவர் அனைவரும் வந்துபோகும் ஒரு வாசிகசாலைச் சுவருக்கு இது மிகக் கனமானது. இதற்கு விடை சொல்லக்கூடியவர் ஓவியர் ஒருவரே. ஏல நிறுவனம் தனக்குத் தெரிந்த முன்னைய உரிமையாளர் வரிசையைத் தரும். ஓவியத்துக்குள் இருக்கும் தாள்களின் வரலாறு அந்த வரிசையில் வராது.

கொழும்புக் கலைக்கூடங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். இரண்டு இடங்களில் நேரிற் பார்த்தேன். சட்டகமும் வெளிச்சமும் ஒழுங்காக இருந்தன, ஓவியரின் கையொப்பமிட்ட உறுதிப்பத்திரம் தருகிறார்கள், குறை இருந்தால் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கிறது. நல்ல ஒட்டுச்சித்திரம் ஒன்று ஆறு இலட்சம் ரூபாவுக்கு இருந்தது. கலைக்கூடங்கள் விற்பனை விலையில் பாதியை ஒட்டிய பங்கை எடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். அதற்கு ஈடாக ஓவியரை அறிமுகப்படுத்துவதும், கண்காட்சி நடத்துவதும், பதிவுகளைப் பேணுவதும் அவர்கள் செய்யும் பணி. 1993 முதல் ஆண்டுதோறும் கொழும்பில் நடைபெறும் கலா பொல திறந்தவெளிச் சந்தையில் ஓவியர்களிடமே நேரடியாக வாங்கலாம், ஆனால் ஒரு நாட்கூட்டத்தில் நின்று இவ்வளவு பெரிய தீர்மானத்தை எடுப்பது எமக்குப் பொருந்தாது. ஆறு இலட்ச ரூபா ஓவியம் அழகானதே. அதில் எமது ஊருக்கு உரியது எதுவும் இல்லை என்பதே என் குறை, அதையும் ஒரு குற்றமாகச் சொல்லவில்லை.

உயர்தர டிஜிற்றல் அச்சுப் பிரதி ஒன்றை மலிவாக வாங்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். துணியின் தடிப்பும் நூலின் நிழலும் இல்லாத ஒட்டுச்சித்திரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதில் பயனில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

கடைசியாகப் பார்த்தது கோண்டாவிலில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்று வெளியேறிய இளம் ஓவியர் ஒருவரின் வீட்டு விறாந்தை. அந்தத் தம்பி தன் வேலைகளைச் சுவரோடு சாய்த்து வைத்திருந்தார். ரீச்சர் திருப்பிப் பாருங்கோ என்று அவரே சொல்லி, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் காட்டினார். எமது சுவருக்குப் பொருந்தக்கூடியது போர்க்காலப் பொருளாதாரத் தடையைப் பற்றிய ஓவியம். அக்காலத்தில் பத்திரிகைகள் கோடிட்ட பயிற்சிப் புத்தகத் தாளில் அச்சானதை எமது வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். தன் தாயார் சேமித்து வைத்திருந்த அத்தகைய பத்திரிகைகளைப் போட்டோப் பிரதி எடுத்து, சவர்க்கார உறைகளோடும் பனையோலைப் பின்னலோடும் சேர்த்து ஒட்டியிருக்கிறார். விலை இரண்டரை இலட்சம் ரூபா.

கலைத்திறனில் இது லண்டன் ஓவியத்துக்கு அருகில் வராது என்பதை மறைக்கக்கூடாது. வலது பக்கத்தில் பொருட்கள் நெருங்கிக் கிடக்கின்றன. வர்ணம் சில இடங்களில் தாளை மூடிவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்ற அறிவு இன்னும் கைவர வேண்டும். ஆனால் என்ன பசை என்று கேட்டபோது அக்கிரிலிக் ஊடகம் என்று சொல்லி, தொடக்கத்தில் வெள்ளைப் பசையால் ஒட்டியபோது மாரியில் குமிழ் விட்ட ஒரு பழைய வேலையையும் எடுத்துக் காட்டினார். தாள்கள் யாருடையவை என்று கேட்டேன். அசல்கள் அம்மாவின் அலுமாரியிலேயே இருக்கின்றன என்றார். ஓலையை அவித்து, வெயிலில் உலர்த்தி, பின்னரே ஒட்டியிருக்கிறார். அது பூச்சி அரிப்பதைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. பலகை மட்டும் எனக்குத் திருப்தி தரவில்லை, பின்பக்கம் மெழுகோ பூச்சோ இல்லாமல் வெறுமையாக இருக்கிறது.

என் முடிவு இதுதான். கோண்டாவில் ஓவியத்தை வாங்குவதே எமது நிலையத்துக்குச் சரி. அதற்குப் பதிலாக லண்டன் ஏலத்தில் பங்குபற்றுவதை நான் முற்றாக மறுக்கவில்லை: எமது அங்கத்தவர் நேரிற் சென்று பின்பக்கத்தையும் ஓரங்களையும் பார்த்துத் திருப்தி அடைந்து, ஓவியரிடமிருந்து தாள்களின் மூலத்தைப் பற்றிய எழுத்து விடை ஏலத்துக்கு முன்னர் கிடைத்தால், 1,200 பவுணுக்கு மேல் ஒரு பவுண்கூட ஏறாமல் உச்சத் தொகையை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். அந்த இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் ஏலத்தை விட்டுவிட வேண்டும். அந்த ஓவியம் வேறொருவரின் சுவருக்குப் போனால் எனக்குக் கவலையாகவே இருக்கும், அதற்காகக் கேள்விகளைக் கைவிட என்னால் இயலாது. ஓவியர் உயிரோடு இல்லாமல், ஏலமே ஒரே வழியாக இருந்திருந்தால் நான் வேறுவிதமாகச் சொல்லியிருப்பேன்.

கோண்டாவில் ஓவியத்தில் மிஞ்சும் பணத்தை வேறு வேலைகளுக்குத் திருப்பக்கூடாது. அதில் ஒரு பகுதி சட்டகத்துக்குப் போக வேண்டும்: புறஊதாக்கதிரை மறிக்கும் அக்கிரிலிக் தகடு, தகடும் ஒட்டிய பொருட்களும் தொட்டுக்கொள்ளாதபடி ஓரங்களில் இடைவெளிச் சட்டம், அமிலமற்ற பின்மட்டை, சுவரின் ஈரம் நேரே ஏறாதபடி பின்னால் நான்கு மூலைகளிலும் சிறு முட்டுக்கள் ஆகியவை வேண்டும். இன்னொரு பகுதி தெற்கு யன்னல்களின் திரைக்குப் போகும். மிகுதியை ஆண்டுக்கு ஒருமுறை, மாரி முடிந்ததும், ஓவியரே வந்து சட்டகத்தைக் கழற்றிப் பார்ப்பதற்கான சம்பளமாக ஒதுக்கலாம்.

ஓவியருடன் எழுதும் உடன்படிக்கையில் விலையையும் கையளிக்கும் நாளையும் மட்டும் குறித்தாற் போதாது. பலகையின் பின்பக்கத்துக்குப் பூச்சுப் பூசிய பின்னரே தருவதாகவும், பயன்படுத்திய பசை, வர்ணம், தாள் ஒவ்வொன்றின் விவரத்தையும் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தருவதாகவும், படங்களைப் பிரசுரிக்கும் உரிமை அவரிடமே இருப்பதாகவும் அதில் இருக்க வேண்டும். அவற்றோடு, அதே தாள்களிலும் அதே ஓலையிலும் சவர்க்கார உறைகளிலும் மிஞ்சியிருக்கும் துண்டுகளை ஒரு கடித உறையில் இட்டுத் தரும்படி கேட்டிருக்கிறேன். பத்து வருடம் கழித்து ஒரு மூலை கழன்றால் அதைத் திருத்துபவருக்கு அந்த உறை வேண்டியிருக்கும்; அதை நிலையத்தின் பதிவேடுகள் இருக்கும் இரும்பு அலுமாரியில், மேல்தட்டில் வைக்கலாம்.